கிண்ணத்தில் இருந்த ஆண்டவர்

நற்கருணை ஆண்டவரை நம்பும் அன்பு உறவுகளே, எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். ஞாயிறு பூசைக்குப் போவேன். கோயில் வாசலில் பைக் மேல் சாய்ந்து நிற்பதோடு சரி. நற்கருணை அப்பமான நன்மை வாங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. உள்ளே முதல் வரிசையில் என் மனைவி சுசீலா இருப்பாள். வீட்டுக்கு ஒரு ஆள் போதாதா என்று நினைத்துக்கொள்வேன்.

போன தவக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு நின்றது. விழுங்க முடியாததால் மூக்கில் குழாய் வைத்தார்கள். துணி மாற்றுவேன், குழாயில் கஞ்சி ஊற்றுவேன். அதற்கு மேல் என்னால் எதுவும் முடியவில்லை. கோயில் மணி அடித்தால் மட்டும் அவள் வாயைத் திறப்பாள். நன்மை கேட்கிறாள் என்று எனக்குப் புரியும்.

ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துப் பழக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, மாதத்தின் முதல் வெள்ளியன்று பங்குத்தந்தை நன்மை கொண்டுவந்தார். வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றி, கிண்ணத்தில் தண்ணீரும் வைத்திருந்தேன். பொட்டளவு நன்மையைத் தண்ணீரில் நனைத்து அவள் வாயில் வைத்தார். புரையேறியது. எச்சிலோடு வெளியே வந்துவிட்டது. பதறிப்போய்க் கையை நீட்டினேன். கிரீஸ் கறை போகாத என் உள்ளங்கையில் விழுந்தது.

“இன்னா ஃபாதர் இது? அவளுக்கு இதுகூடவா கெடைக்காது?” என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அதைக் கிண்ணத் தண்ணீரில் போடச் சொன்னார். “கரையிற வரைக்கும் ஆண்டவர் இங்கதான் இருக்காருப்பா. பக்கத்துத் தெருவுல ஒரு நோயாளிக்குக் குடுத்துட்டு வந்துடறேன். தனியா விட்டுடாத” என்றார்.

கோயிலுக்குள் பத்து நிமிடம் நிற்காதவன், அந்தக் கிண்ணத்தின் முன் முழங்காலில் நின்றேன். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. “ஆண்டவரே, போய்டாதப்பா. என்னால முடில. ஒருவாட்டியாவது அவ உன்ன முழுங்கட்டும்” என்று அழுதேன். கட்டிலிலிருந்து சுசீலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தந்தை திரும்பி வந்து, கரைந்த தண்ணீரைச் செடியடியில் ஊற்றினார். அங்கேயே அவரிடம் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

அடுத்த முதல் வெள்ளி. அதே பொட்டளவு. அவள் தொண்டை ஏறி இறங்கியது. புரையேறவில்லை. விழுங்கிவிட்டாள்! நானும் வாங்கினேன்.

குழாய் இன்னும் இருக்கிறது. பேச்சு வரவில்லை. பல நாள் பயந்து அழுகிறேன். ஆனால் நான் கேட்டது ஒன்றுதான், அதை அவர் கொடுத்தார்.

பைக் மேல் சாய்ந்து நிற்கும் அண்ணன்மாரே, உள்ளே வாருங்கள், அவர் அங்கே இருக்கிறார். முதல் வரிசையில் சுசீலாவின் இடத்தில் இப்போது நான் உட்காருகிறேன். பெண்கள் பக்கம் என்று யாரும் விரட்டவில்லை. அவள் எழுந்து வரும் அன்றைக்குத் தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.