ஓசி டிக்கெட்

மார்ச் இருபத்தெட்டு, காலை எட்டேகால், கடும் புழுக்கம். உப்பூர் டவுன் பஸ்ஸில் பயணிகள் நாற்பது பேர். கண்டக்டர் ஒல்லியான பெண்மணி. இலவசச் சீட்டையும் பெண்களின் உள்ளங்கையில் வைத்து அழுத்தித்தான் கொடுப்பார்.

வழியில் ஒருவன் ஏறி, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அதே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த தன் அக்கா மகளைச் சடையைப் பிடித்து இழுத்தான்.

"இன்னைக்கு நமக்கு நிச்சயம். பரீட்சை என்ன பரீட்சை?"

குறுக்கே நின்று தட்டிக்கேட்ட கண்டக்டரை அறைந்தான். அவர் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"ஓசி டிக்கெட்டுக்கு இம்புட்டுப் பேச்சா?"

"ஓசியோ காசோ, அவ எறங்குற எடம் பள்ளிக்கூடம். நீ டிக்கெட் எடுத்தியாலே? எறங்கு!"

டிக்கெட் மெஷினால் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். சடை விடுபட்டது. அவனைப் படியிலிருந்து உதைத்துத் தள்ளிவிட்டு விசில் ஊதினார், விசிலிலும் ரத்தம்.

அந்தச் சிறுமியைத் தவிர நாங்கள் முப்பத்தொன்பது பேர். ஒருவரும் எழவில்லை. அவர் மட்டும் எப்படி நின்றார் என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை. தள்ளுமுள்ளில் என் மூக்குக்கண்ணாடி விழுந்து நொறுங்கியது. உட்கார்ந்தே இருந்ததற்கு எனக்கு ஆன செலவு எண்ணூற்று ஐம்பது ரூபாய்.