கியர்பாக்ஸ் பிரித்துப் போட்டிருந்த ஆனி மாதம்

படூரில் இப்போது நான் ஓட்டும் காரில் கியர் மாற்றும் வேலையே கிடையாது. அது பாட்டுக்குத் தானே மாற்றிக்கொள்ளும். ஆனாலும் சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் என் கை எதையோ பிடித்துக்கொள்ளத் தேடுகிறது. ஒன்பது வயதில் வந்த பழக்கம். செங்கல்பட்டில் அப்பா வைத்திருந்த பழைய நீலக் காரில் இரண்டாவது கியர் நிற்காது. போட்ட பிறகு யாராவது பிடித்துக்கொள்ளாவிட்டால் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கியர்க் கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொள்வது என் உத்தியோகம். சம்பளம் அவ்வப்போது ஒரு கடலை மிட்டாய்.

ஆனி பிறந்து நாலைந்து நாளில், கூடுவாஞ்சேரி போய்த் திரும்பும் வழியில், பல்லை நறநறவென்று கடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எந்தக் கியரும் விழவில்லை. நான் சரியாகப் பிடிக்காததால்தான் வண்டி நின்றுவிட்டது என்று நினைத்து அழுதேன். வேறொரு வண்டியில் கயிறு கட்டி, ஏரிக்கரைப் பக்கம் இருந்த மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த நேரத்தில் கார் நின்றது சாதாரண விஷயமல்ல. அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். பிறந்தது பெண். ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் சீர் வைத்துப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அதை விட்டால் ஆடி வந்துவிடும், ஆடியில் அனுப்பக்கூடாது. மாமாவின் வீடு திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஓர் ஊரில். அத்தையை விட்டுவிட்டு அப்படியே கடலுக்குக் கூட்டிப் போவதாக அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பார்க்காதது என் வகுப்பில் பெரிய கேலியாக இருந்தது.

மெக்கானிக் அண்ணன் இரண்டு வழி சொன்னார். ஓடிப் பழசான வேறு வண்டியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ் ஒன்றை வாங்கி வந்தால் ஒரே நாளில் மாட்டிவிடலாம். ஆனால் அது யார் வண்டியில் என்ன பாடு பட்டதோ தெரியாது. இல்லையென்றால் எங்கள் கியர்பாக்ஸையே பிரித்து, தேய்ந்த பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் புதிதாகப் போட்டுத் திரும்பக் கோக்கலாம். அதற்குச் சாமான்கள் வந்து சேர வேண்டும். நாளாகும்.

பழசு வாங்குவதில் என் அப்பா பெரிய பண்டிதர். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பழசு, மின்விசிறி பழசு, அவர் கையில் கட்டியிருந்த வாட்ச் கூட யாரோ கட்டிக் கழித்ததுதான். அப்பேர்ப்பட்டவர் யோசிக்காமல் சொன்னார்: "பிரிச்சே செய்யி. மெதுவா செய்யி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவாவது சண்டை போடுவாள் என்று பார்த்தேன். எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் அம்மா அன்று தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பாவுக்குத் தங்கையை அனுப்ப மனமில்லை. அனுப்ப மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லவும் துணிவில்லை. சொன்னால் பெரியவர்கள் கூடுவார்கள், பேச்சு எங்கெங்கோ போகும். அத்தையும் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லலாம் என்பதே அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று தெரியவில்லை. "வெளிய பூட்டிக்கினுதான் வேலைக்கே போறாராம்" என்று அம்மா ஒருநாள் அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. திருடன் வராமல் இருக்க மாமா எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு லேசாகத் தூக்கம் வரும். பள்ளி விட்டதும் நேரே ஷெட்டுக்குப் போய்விடுவேன். கார் ஜாக்கியில் ஏறி, சக்கரங்கள் தரையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். கியர்பாக்ஸின் உறுப்புகள் தகரத் தட்டில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். தட்டின் அடியில் பொன்னிறத்தில் தூள் மின்னும். தேய்ந்த பித்தளை வளையத்தின் தூள் அது. நான் அதை விரலால் தொட்டு உள்ளங்கையில் கோலம் போட்டுக்கொள்வேன். ஏரிப் பக்கமிருந்து ஈரக் காற்று வரும். ரயில் போனால் தட்டில் எண்ணெய் நடுங்கி, அதன் மேலிருந்த நிறங்கள் எல்லாம் கலைந்து மெல்ல மறுபடி கூடும். நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அத்தையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி அங்கே வருவாள். தேடி வருவதாகத்தான் சொல்லிக்கொள்வாள். காரின் பின் இருக்கையில் ஏறி, கதவைத் திறந்துவைத்து, காலை வெளியே தொங்கப்போட்டு உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போவாள். மடியில் குழந்தை, அதுவும் தூங்கும். அவ்வளவு ஆழமாகத் தூங்கும் பெரியவர்களை நான் பார்த்ததே இல்லை. அவள் கண் அசந்துவிட்டால் மெக்கானிக் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமில்லாத வேலை ஏதாவது பார்ப்பார். வேலை இழுத்துக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்கு அவர்மேல் கோபம்.

அந்தக் கோபத்தில்தான் அதைச் செய்தேன். ஒருநாள் மாமா அப்பாவின் செல்லுக்குக் கூப்பிட்டார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். கார் எப்போது தயாராகும் என்று கேட்டார். "பழைய கியர்பாக்ஸ் வாங்கிப் போட்டா ஒரே நாள்ல ரெடி ஆயிடும் மாமா, அப்பாதான் வேணாம்னுகினு கீறாரு" என்றேன். மாமா ரொம்ப அன்பாக, நீ கெட்டிக்காரி என்றார். அந்தப் பாராட்டை நான் யாரிடமும் சொல்லாமல் எனக்கே வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மாமா லோடு ஆட்டோவில், சாக்கில் சுற்றிய ஒரு கியர்பாக்ஸோடு ஷெட்டு வாசலில் வந்து இறங்கினார். அப்பாவும் நானும் அங்கே இருந்தோம்.

"இன்னா மச்சான், வண்டி இன்னும் படுத்துகினு கீதா? இந்தாங்க, நல்ல சரக்கு. இப்பவே மாட்டச் சொல்லுங்க, சாயங்காலம் கிளம்பிடலாம்" என்றார்.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. மெக்கானிக் அண்ணன் அதை வாங்கி மேசைமேல் வைத்தார். நான் ஓடிப்போய் அதன் ஷாஃப்டைப் பிடித்துச் சுழற்றினேன். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. "நல்லா சுத்துது" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

மாமா சிரித்தார். "கொயந்தையே சொல்லுது. அப்புறம் இன்னா?"

அப்போதுதான் அத்தை குழந்தையோடு வாசலுக்கு வந்து நின்றாள். மாமாவையும் மேசைமேல் இருந்ததையும் பார்த்தாள். தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். மெக்கானிக் அண்ணன் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு புதிதாக வந்த கியர்பாக்ஸின் அடித்திருகைக் கழற்றி, அதிலிருந்த எண்ணெயைத் தகரத் தட்டில் வடித்தார். விரலை விட்டுத் துழாவி எடுத்து மாமாவின் கண்ணெதிரே காட்டினார். விரல் முழுக்கப் பொன்னாக மின்னியது.

"பாத்தியா அண்ணாத்த, பித்தளத் தூளு. உள்ள எல்லாம் தின்னுகினு கீது. இத்த மாட்டிக் கைக்கொயந்தைய ஏத்தி அனுப்பிட்டு, நடு ரோட்ல நின்னா யாரு பதில் சொல்றது? என் கையால மாட்ட மாட்டேன்."

அது எங்கள் தட்டு. எங்கள் தூள். அந்த மாதம் முழுக்க நான் விளையாடிய தூள். பெரியவர் ஒருவர் இப்படிப் பச்சையாகப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"பாப்பாவ புடி" என்று அத்தை குழந்தையை என் கையில் வைத்தாள். அதற்கு முன் ஒருதரம்கூட அவள் என்னை நம்பிக் குழந்தையைக் கொடுத்ததில்லை. முதுகைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், நழுவவிடக் கூடாது. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நின்றேன். சொல்ல வந்தது போய்விட்டது.

மாமா வாடகைக் கார் பிடித்து வருவதாகச் சொன்னார். அப்பா தரையைப் பார்த்தபடியே பேசினார். "பொண்ணோட அண்ணன் சொந்த வண்டியிலதான் கொண்டாந்து வுடணும்னு கல்யாணத்துலயே சொன்னது உங்கம்மாதான், மாப்ள." மாமா கியர்பாக்ஸை மேசையிலிருந்து இறக்கினார். சாக்கைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஆடி பிறந்துவிட்டது.

நான் மெக்கானிக் அண்ணனோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் கடலை மிட்டாய் கொடுத்தபோதுகூட வாங்கவில்லை. பொய் சொல்கிறவர்களிடம் வாங்கித் தின்னக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். நான் பார்க்கவிருந்த கடலைத் தட்டிப் பறித்தவர் அவர்தான்.

ஆவணியில் கார் வந்தது. குழந்தைக்கு ஏழாம் மாதம், அதுவும் அனுப்ப ஏற்ற மாதம்தான். இனித் தள்ளிப்போட அப்பாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. அத்தையின் பெட்டிகளையும் சீர்ப் பாத்திரங்களையும் டிக்கியில் ஏற்றினார். அம்மா வாசலில் நின்றாள். நான் முன்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடிக்கப் போனேன். "வேணாம்மா, இப்ப தானா நிக்குது" என்றார் அப்பா. எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

திருக்கழுக்குன்றம் தாண்டியது. வெயிலும் பனைகளும் ஓடின. வண்டியின் ஓட்டம் அவ்வளவு மெதுவாக, சத்தமில்லாமல் இருக்க, நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். மாமாவின் ஊருக்குப் பிரியும் இடம் வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்து இரண்டாவதுக்கு வந்தார். கியர் அப்படியே நின்றது. கார் ஊர்ந்தது.

"திருப்பட்டாம்மா?" என்று கேட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் அத்தை குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். எனக்குப் பதைத்தது, கடலை மறந்துவிடுவார்களோ என்று.

"நேரா போண்ணா" என்றாள் அத்தை.

நேராகப் போனோம். கடல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக, நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது. அப்பா குழந்தையை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். அத்தை முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். "எனக்காகத்தான அத்த, அங்க திரும்பாம நேரா வந்தோம்?"

"ஆமாண்டி. உனக்காவத்தான்."

சாயங்காலம் டிக்கியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பினோம். என் ஒருத்தியின் ஆசைக்காக இரண்டு பெரியவர்கள் போகிற காரியத்தையே மறந்துவிட்டார்களே என்று வழியெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை மாமா வீட்டுக்குத் திரும்பப் போகாமலே இருந்துவிட்டதற்கு நான்தான் காரணம் என்று, பல வருஷம், கொஞ்சம் குற்ற உணர்வோடுகூட நம்பிக்கொண்டிருந்தேன்.