தப்பும் தவறுமாய் ஒரு தெரு

வேலிக் கம்பியில் யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். லாண்டரியக்கா அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "தொலைச்சது ஒரு பிள்ளை. எடுத்து மாட்டுனது யாரோ புண்ணியவான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடையைத் தொடர்ந்தாள். கண் மட்டும் தெரியும்படி மஃப்ளர். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர், ஆனாலும் அவளால் பேசாமல் இருக்க முடியாது.

தன் லாண்டரிக் கடையைத் திறக்கும்முன் தினமும் இந்த நடை. பேக்கரியின் பின்கதவைத் தாண்டும்போது வேண்டுமென்றே மெதுவாக நடப்பாள், உள்ளேயிருந்து வரும் சூட்டில் முகத்தைக் காட்டிக்கொள்ள. பனி படிந்த கார்க் கண்ணாடியில் யாராவது விரலால் கண்ணும் மூக்கும் வரைந்து வாயை மறந்திருந்தால் அதையும் நின்று பார்ப்பாள். எல்லாம் வீட்டிலிருக்கும் மனிதருக்காக.

அவள் கணவர் பெயிண்டர். தெருவில் பாதி வீடுகள் அவர் கைபட்டவை. மழைக்காலத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். முறிந்த கால் எலும்பு கூடிவிட்டது. "இனிமே தாராளமா நடங்க" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மனிதர் வாசற்படி தாண்டவில்லை. "குளிர் போகட்டும், பாக்கலாம்" என்பார். வெயில் அடித்தால், "தரை ஈரமா இருக்கும்." கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கல்லில் நார் உரித்த கதைதான். "நாற்காலியோட நாற்காலியா ஆயிடுவாரோன்னு பயமா இருக்கு" என்று ஒருமுறை பேக்கரிக்காரரிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் தெருவுக்கு வராததால் தெருவை அவரிடம் கொண்டுபோனாள். டீயோடு சேர்த்துக் கதை சொன்னாள். எல்லாவற்றுக்கும் "ம்" போட்டார். ஒருநாள் பேச்சுவாக்கில் மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கேட்டை நீலம் என்று சொல்லிவிட்டாள்.

"நீலமா? கண்ணு என்ன அவிஞ்சு போச்சா? அது நான் அடிச்ச பச்சை."

"நான் பாத்தது நீலந்தான்."

"போடி, பெரிய நியூஸ்காரி."

போர்வையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். டீ ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து குழம்புக்கு உப்புப் போடுவதுபோல் தினமும் ஒரு தப்பைப் போடுகிறாள். இரட்டைக் கதவை ஒற்றைக் கதவாக்குவாள். இந்த மூலைக் குழாயை அந்த மூலைக்கு மாற்றுவாள். பொய் என்றாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு வாசலையும் உற்றுப் பார்க்கப்போய், இத்தனை வருஷம் கடைக்கு ஓடிய அவசரத்தில் கண்ணில் படாத தெரு கண்ணில் பட்டுவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஜன்னலோரம் தன் அம்மாவுக்குச் சிடுக்கெடுத்துத் தலைவாரிவிடுவதை இப்போதுதான் பார்த்தாள். கடையில் அவர் யாரிடமும் சிரித்துப் பேசாதவர். கணவர் வராவிட்டாலும் இனி தன்னால் நடக்காமல் இருக்க முடியாது என்று தோன்றியபோது, ஏதோ தான் மட்டும் தனியே விருந்து சாப்பிட்டதுபோல் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அன்று கையுறைக் கதையோடு நிறுத்தியிருக்கலாம். உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது.

"மெக்கானிக் வீட்டுக்கு வேற யாரோ பெயிண்ட் அடிச்சிருக்காங்க. உங்க கைய விட சுத்தம்."

மெக்கானிக் வீட்டில் யாரும் எதையும் அடிக்கவில்லை. கணவர் அடித்த பழைய பெயிண்ட்டே உரிந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் சண்டைக்கு வரவில்லை. "அப்படியா" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனசை ஒடித்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். இனி பொய்யே வேண்டாம் என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் காலை அவரை எழுப்பாமல் கிளம்பினாள். நாலு வீடு தாண்டியிருப்பாள், பின்னால் கதவு திறக்கும் சத்தம். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு செருப்புச் சத்தம், ஒரு கால் அழுந்த, மறு கால் தரையைச் சோதித்துச் சோதித்து.

"சும்மா... அந்த மெக்கானிக் வீடு வரைக்குந்தான்" என்றது குரல், பொதுவாகத் தெருவைப் பார்த்து.

திரும்பிப் பார்த்தால் மனிதர் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுவார். லாண்டரியக்கா திரும்பவில்லை. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இறுக்கமாக இருந்த ஷூ லேஸை அவிழ்த்து, மெல்ல, ரொம்ப மெல்லக் கட்டத் தொடங்கினாள்.