எடை போடாத வண்டி

யார் வண்டியைக் கொண்டு வந்தாலும் ஸ்பிரிங் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "எடை போட்டாச்சா?" இல்லை என்று சொல்லிவிட்டால் போச்சு. தலைகீழாக நின்றாலும் ஸ்பானரைத் தொடமாட்டான். "எடை மேடைக்குப் போயி, முன் சக்கரத்துல எவ்வளவு பாரம், பின் சக்கரத்துல எவ்வளவு பாரம்னு தனித்தனியா பார்த்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவான்.

ஸ்பிரிங் என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வண்டியைத் தாங்குகிற பட்டை, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று அடம்பிடித்ததால் கிடைத்த பட்டம். இஞ்சின் கோளாறு என்று யாராவது வந்தால், "அதுக்கு வயித்து டாக்டரைப் பாருங்க, நான் கால் டாக்டர்" என்பான். வாய்க்கொழுப்பு ஜாஸ்திதான். ஆனால் கை சுத்தம்.

அவனிடம் அதிகம் வருபவை வீட்டு வண்டிகள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று ஒரு குடித்தனத்தையே முதுகில் சுமந்துகொண்டு போகிற வண்டிகள் அவை. பக்கத்தில் ஒரு லாரி முந்திப் போனால் போதும், குடிகாரனைப் போலத் தள்ளாடும். "ஆட்டத்தை மட்டும் நிறுத்திக் கொடுங்க" என்று கெஞ்சுகிறவர்களிடம், "ஏன் ஆடுதுன்னு தெரியாம நிறுத்தக் கூடாதுங்க. முக்கால்வாசி ஆட்டம் நீங்க சாமானை அடுக்குன லட்சணத்துல இருக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லுவான். பாதிப் பேரைச் சாமானை இறக்க வைத்தே அனுப்பியிருக்கிறான்.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த இந்த மகராசன் சொந்த அக்கா வண்டிக்கு எடை போடவில்லை.

அக்கா என்றால் அவனுக்கு அம்மா மாதிரி. அம்மா போன பிறகு தையல் மிஷினை மிதித்து மிதித்தே அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியவள். அத்தான் டவுன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்கப் பஸ்ஸில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. அவர் வண்டியில் கண்டக்டர் நின்றுகொண்டே டீ குடிக்கலாம், ஒரு சொட்டுச் சிந்தாது என்று டெப்போவில் பேச்சு. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போன பிறகு, இருவரும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு பழைய வீட்டு வண்டியை வாங்கி, "இனி நம்ம ரெண்டு பேருதான், நாலு சக்கரத்துல" என்று கிளம்பத் தயாரானார்கள்.

"ரொம்ப ஆடுதுடா. இந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே ஓட்டுறாரு, நான்தான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லி அக்கா வண்டியை அத்தானோடு அவன் பட்டறைக்குக் கொண்டுவந்தாள்.

பின்கதவைத் திறந்ததுமே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டி பின் சக்கரத்தையும் தாண்டிக் கடைசியில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அக்காவின் தையல் மிஷின், இரும்புக்கால் வைத்த அந்தப் பழைய மிஷினேதான். அதற்கு மேலே துணி மூட்டைகள், பாத்திரப் பெட்டி, என்னென்னவோ. வண்டியின் வால் தரையைத் தொட்டுவிடும் போலத் தொங்கியது.

வேறு யாராவது என்றால், "இந்த இரும்பை முதல்ல இறக்குங்க" என்று ஒரே பேச்சில் முடித்திருப்பான். அக்கா மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு, "போற இடத்துல நாலு துணி தைச்சுக் கொடுப்பேன்டா, பொழுதும் போகும்" என்றாள். அந்த மிஷின் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவன், அதை இறக்கு என்று எந்த வாயால் சொல்லுவான்? சொல்லவில்லை. எடை மேடை பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தால் உண்மை எண்ணாக வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

புது ஷாக் அப்சார்பர் போட்டான். சாய்வைத் தடுக்கிற ஸ்டெபிலைசர் ராடைத் தடிமனாக மாற்றினான். பின்னால் இரண்டு பக்கமும் காற்றுப் பை வைத்து, தொங்கிய வாலைக் காற்றடித்துத் தூக்கி நிறுத்தினான். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. பார்க்க அழகுதான். ஆனால் காற்றுப் பை வண்டியைத் தூக்குமே தவிர, பாரத்தைக் குறைக்குமா? வாலில் இருந்த கனம் அங்கேயே இருந்துகொண்டு, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தது.

ஓட்டிப் பார்க்கப் போனபோது அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்னடா மாயம் பண்ணினே! ஆட்டமே இல்ல. ஸ்டீயரிங்கும் பூ மாதிரி இருக்கு, ஒரு விரல்ல திருப்பலாம் போலிருக்கே!"

ஸ்டீயரிங் லேசாக இருப்பதை ஸ்பிரிங்கும் கவனித்தான். அது நல்ல குணமில்லை, முன் சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வாயைத் திறக்கப் போனான். பின்னாலிருந்து அக்கா, "என் தம்பி கை பட்டா சும்மாவா?" என்றாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. பாராட்டு என்று வந்தால் அவனும் எல்லாரையும் போலத்தான்.

மழை பெய்த ஒரு நாள், மலைப்பாதை இறக்கத்தில், ஒரு வளைவில் அத்தான் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் ஓரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. மேடு இல்லாத பக்கமாக இருந்திருந்தால் கதையே வேறு. அக்காவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அத்தானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வெளியே தெரிகிற மாதிரி எதுவும் இல்லை.

ஊருக்குத் திரும்பி வந்தவர், குடியிருக்க வாடகைக்குப் பிடித்த ஒரு சின்ன வீட்டின் கேட்டுக்குள் வண்டியை நிறுத்தினார். சாவியை ஆணியில் மாட்டினார். அதற்கப்புறம் தொடவே இல்லை; மிஷினும் மூட்டைகளும்கூட இறக்காமல் உள்ளேயே கிடந்தன.

"வேகமெல்லாம் இல்லடா" என்று ஸ்பிரிங்கிடம் சொன்னார். "சரியான நேரத்துலதான் திருப்புனேன்னு நினைச்சேன். திருப்பலைபோல. கை ஏமாத்திடுச்சு. வயசாயிடுச்சுல்ல." கண் டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றார். நரம்பு டாக்டரும் ஒன்றுமில்லை என்றார். அத்தான் நம்பவில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். தெருவைக் கடக்க அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். மற்ற நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் தினமும் போய் எதிரில் உட்காருவான், பழம் வாங்கிக் கொடுப்பான், சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம் பேசுவான், எழுந்து வந்துவிடுவான்.

மனைவியிடம் மட்டும் கொட்டினான். அவள் சொன்னாள்: "வண்டியை விக்கத்தானே போறாங்க? அத்தோட தலைமுழுகிடுங்க. அத்தானும் இந்த வயசுல வண்டி ஓட்டாம இருக்கறது நல்லதுதானே. இப்பப் போய்ச் சொன்னா அக்கா உங்க மூஞ்சியில முழிப்பாங்களா?" அவள் கெட்டவள் இல்லை, புருஷன்மேல் உள்ள பாசத்தில் சொன்னாள். அவனுக்கும் அது இதமாகத்தான் இருந்தது. அந்த இதத்தை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் வெட்கப்பட்டான்.

வாங்குகிற ஆள் வருவதற்கு முதல் நாள், கழுவிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு நேராக எடை மேடைக்குப் போனான். மேடைக்காரன் அவனுக்குப் பழக்கம். முன் சக்கரத்தை ஏற்றிப் பார்த்தான், பின் சக்கரத்தை ஏற்றிப் பார்த்தான், வெளியே எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, என்னண்ணே இது? பாரம் பூரா வால்ல இருக்கு, முன்னாடி ஒண்ணுமே இல்ல! எடை பார்க்காம காத்துப் பை வேற வச்சிருக்கான். எந்தப் படுபாவிண்ணே இந்த வண்டியில கை வச்சது?"

"தெரியலப்பா" என்றான் ஸ்பிரிங்.

சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. தன் பட்டறை வேலையை முதல் தடவையாக, தன்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

மறுநாள் வாங்குகிறவர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், தெருவுக்கு எடுங்கள் என்றார். கேட் குறுகலானது. பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும். அத்தான் சாவியை ஆணியிலிருந்து எடுத்து ஸ்பிரிங்கிடம் நீட்டினார். "நீயே எடுத்துடுடா. நான் எடுத்தா சுவத்துல இடிச்சுத் தொலைப்பேன்."

டெப்போவில் பஸ்ஸை இரண்டு பஸ்களுக்கு நடுவே ஒற்றைக் கையால் பின்னோக்கி நுழைத்தவர். ஸ்பிரிங்கின் கை சாவியை வாங்க நீளவில்லை.

"அத்தான், உங்க கை ஏமாத்தல. வண்டிதான் திரும்பல. பின்னாடி கனம் ஜாஸ்தி, முன் சக்கரம் ரோட்டைப் பிடிக்கல. மழையில யார் ஓட்டியிருந்தாலும் நேராத்தான் போயிருக்கும். நேத்து எடை போட்டுப் பார்த்துட்டேன்."

அத்தான் சாவியை நீட்டிய கையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "அப்ப… என் கை?"

"சரியாத்தான் இருக்கு அத்தான். கண்ணும் சரியாத்தான் இருக்கு."

அவர் படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏ, இங்க வா! என்மேல தப்பில்லையாம்! தம்பியே சொல்றான் பாரு, என்மேல தப்பில்லையாம்!" வாங்க வந்தவரிடம், "மன்னிச்சுக்கங்க சார், வண்டி விக்கறதுக்கில்ல" என்று கைகூப்பினார். யார்மேல் தப்பு என்று அவர் கேட்கவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அது அவருக்குத் தோன்றவில்லை. சாவியோடு போய் டிரைவர் சீட்டில் ஏறிவிட்டார்.

அக்கா கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்றாள். அவளுக்குத் தோன்றியது. "யார்மேலடா தப்பு?"

"என்மேலதான்க்கா. எடை போடாம செஞ்சேன். மிஷினை இறக்குன்னு உன்கிட்ட சொல்ல வாய் வரல. ஸ்டீயரிங் லேசா இருந்தப்பவே எனக்குத் தெரியும்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மிஷின் என்னடா பெரிய மிஷின், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே இறக்கி வச்சிருப்பேன். கையி உடைஞ்சதுகூடப் போகட்டும், ஒட்டிக்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மனுஷன் நாள் பூரா உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கிட்டிருந்தாரே, நீ தினம் வந்து எதிர்ல உட்கார்ந்து அதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?" என்றாள்.

அதற்குள் அத்தான் வண்டியைச் சுவரில் படாமல், கேட்டில் படாமல், ஒரே வீச்சில் பின்னோக்கித் தெருவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். தலையை வெளியே நீட்டி, "டேய், தண்ணித்தொட்டியை நடுவுல கொண்டுவந்தா சரியாயிடுமா? வந்து பாருடா!" என்று உற்சாகமாகக் கூப்பிட்டார்.

அக்கா வழிவிட்டு நகர்ந்து நின்றாள். ஸ்பிரிங் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்துபோய் வண்டிக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்துக்கொண்டான். மேலேயிருந்து அத்தான் கேட்ட கேள்விக்கெல்லாம் அங்கிருந்தே "ஆமா அத்தான், ஆமா அத்தான்" என்று பதில் சொன்னான்.