மன்மதனை எழுப்பும் முன் திரை விழுந்தது

1963ஆம் வருஷம், மாசி முடிந்து பங்குனி பிறந்திருந்த நேரம். கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் நடக்கும் காமன் கூத்தில் ஏழு வருஷமாக ரதி வேஷம் எனக்குத்தான். ஆள் முரடு, வாயும் நீளம். ஆனால் சேலை கட்டி ஒப்பாரி வைத்தால் எங்கள் குடியிருப்பு லயத்துப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். மன்மதனாக ஆடுகிறவன் என் தங்கை புருஷன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன் எங்கள் லயத்துக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர். அங்கே இந்து மாணவர்கள் வருஷா வருஷம் கலைவிழா நடத்துவார்களாம். வீணைக் கச்சேரி இருக்கும், பரதநாட்டியம் இருக்கும். இந்த வருஷம் தோட்டத்துக் கூத்தும் மேடையேற வேண்டும் என்று இவர் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தார்.

எங்கள் கூத்து மாஸ்டர் ஒப்பவில்லை. "காப்ப அவுத்தாச்சு, கம்பத்தப் புடுங்கியாச்சு. இனிமே ஆடுனா சாமிக்கா ஆடுறது, படிச்ச தொரமாருக்கா?" என்று கேட்டார். நான் விடவில்லை. டவுனுக்குப் போனால் எங்களைத் 'தோட்டக்காட்டான்' என்று சொல்லும் வாய்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அந்தப் படித்த கூட்டம் ஒரு தடவை எங்கள் தப்பு மேளச் சத்தத்தைக் கேட்கட்டும் என்று இருந்தது. மூன்று நாள் மாஸ்டர் பின்னாலேயே நடந்தேன். மறுபடி காப்புக் கட்டி ஆடலாம் என்று கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் மன்மதன் எரிந்து விழுவான். அவன் மேல் வெள்ளைத் துணி போர்த்துவோம். ரதி அழுவாள். சிவன் மனம் இரங்கிய பிறகு ரதி மஞ்சள் தண்ணீர் தெளித்து அவனை எழுப்ப வேண்டும். அதுவரை விழுந்தவன் கண் திறக்கக் கூடாது, பேசக் கூடாது. விழுந்த இடத்திலேயே எழுப்ப வேண்டும். அவன் செத்ததைப் பார்த்தவர்கள் அவன் எழுந்ததையும் பார்க்க வேண்டும். எழுப்பாமல் விட்டால் ஆடினவன் வீட்டில் உயிர் தங்காது என்பார்கள். இதை நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். விழுகிறவன் நம்பித்தான் விழுகிறான்.

என் தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறக்கும்போதே போய்விட்டன. நாங்கள் புறப்பட்ட அன்று காலையில் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவர எழுப்பாம மட்டும் கூட்டிட்டு வந்துறாதண்ணே."

"நான் எதுக்குக் கூடப் போறேன்?" என்றேன்.

ஹட்டனில் ரயில் ஏறி மதியத்துக்கு மேல் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தோம். பெரிய மண்டபம். இடமில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே தீப்பந்தம் பிடிக்கக் கூடாது என்று சொல்லி, சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய விளக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

வீணை முடிந்ததும் எங்கள் முறை. தப்பு அடி விழுந்த வேகத்தில் முன் வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மன்மதன் விழுந்தான். துணியைப் போர்த்தினோம். நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினேன். முதல் கண்ணி முடிந்து இரண்டாவதை எடுக்கிறேன், திரையை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் கைதட்டல். இந்தப் பக்கம் மாப்பிள்ளை துணிக்கு அடியில் கிடக்கிறான்.

மேடை ஓரத்தில் அடுத்து ஆடப்போகும் பெண் தயாராக நின்றுகொண்டிருந்தார். அங்கேயே படிக்கிற யாழ்ப்பாணத்துப் பெண். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே அவரிடம் போனேன்.

"ஒங்க சலங்கைக்கு எடம் வேணுங்கிறதுக்காக எங்காளு பொணமாக் கெடக்கணுமா?"

அதோடு நிறுத்தவில்லை. யாழ்ப்பாணத்தார் எல்லோரையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அந்தப் பெண் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

துணிக்கடைக்காரர் மகன் ஓடி வந்தார். "அவங்கள ஏண்ணே ஏசுறீங்க? அரை மணி நேரந்தான், எழுப்புற கட்டம் வைக்க முடியாதுன்னு அன்னைக்கே ஒங்ககிட்டச் சொன்னேனே. நீங்கதானே சரின்னு தலையாட்டுனீங்க?"

உண்மைதான். அவர் லயத்துக்கு வந்த அன்று பஸ் ஏற்றிவிட ரோட்டுக்குப் போனபோது என்னிடம் மட்டும் சொன்னார். மேடையில் ஏறிவிட்டால் எவன் நம்மை இறக்குவான் என்று நினைத்து நான் தலையாட்டினேன். அதை வெளியே சொன்னால் மாஸ்டரும் வரமாட்டார், மாப்பிள்ளையும் வரமாட்டான். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லவில்லை.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். தப்படிக்கிறவர்கள் பார்த்தார்கள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் கண் திறக்கவில்லை, அசையவில்லை. மூச்சு வேகமானதில் அந்த வெள்ளைத் துணி மட்டும் ஏறி ஏறி இறங்கியது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான்.

அந்தப் பெண் மாஸ்டரிடம் வந்தார். "இவர் ஏன் இன்னும் எழும்பேல்லை?" என்று கேட்டார். மாஸ்டர் கட்டுப்பாட்டைச் சொன்னார். என் தங்கை நிலைமையையும் சொன்னார்.

"எழுப்ப எவ்வளவு நேரம் வேணும்?"

"கால் மணி நேரம் இருந்தாப் போதும்மா."

துணிக்கடைக்காரர் மகன் தலையைப் பிடித்துக்கொண்டார். ஏழு மணிக்குள் மண்டபத்தை விட வேண்டும், பெண் பிள்ளைகள் விடுதிக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கால் மணி நேரம் அந்தப் பெண்ணின் ஆட்டத்தில்தான் குறையும். அவர் ஆடுவதைப் பார்க்க அவர் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் துணிக்கடைக்காரர் மகன் சொல்லச் சொல்ல நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா ஒரு ஆட்டம் பார்த்தாப் போதும்" என்றார் அந்தப் பெண். "ஆளை இப்பிடிக் கிடத்திப்போட்டு நான் இதுக்கு மேல ஏறி எப்பிடி ஆடுறது? திரையைத் திறவுங்கோ."

திரை திறந்தது. விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியை எடுத்தேன். ஓரத்தில் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, எங்கள் கூத்துக்கு நடுவே சத்தம் வரக் கூடாது என்று இரண்டு கையாலும் கால் சலங்கையைப் பொத்திப் பிடித்திருந்தார்.

மூன்று தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும், மூன்றாவதில் மன்மதன் எழுவான். தெளித்தேன். மூன்றாவதிலும் அவன் எழவில்லை. தப்பு அடி மாறாமல் ஓடிக்கொண்டே இருந்தது. நாலாவது தடவை தெளித்தேன். கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தான். மண்டபம் கைதட்டியது. இதுவும் கூத்து என்று நினைத்துக்கொண்டார்கள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் வேஷத்தைக் கலைத்த கையோடு பின் வாசல் வழியாகக் கிளம்பினோம். உள்ளே சலங்கைச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடியிருப்பார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நேரம் இருந்தது. கேட்கவில்லை.

ரயிலில் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. நாவலப்பிட்டி தாண்டியதும் நானாகக் கேட்டேன், மூன்றாவது தடவை தெளித்தபோது ஏன் எழவில்லை என்று.

"ஒங்கையால எந்திரிக்கலாமா வேணாமான்னு யோசிச்சேன் மச்சான்" என்றான். பிறகு, "அவகிட்ட நீயே சொல்லிரு" என்றான்.

சொன்னேன். தங்கை ஏசவில்லை, அழவில்லை. குழந்தை பிறக்கும்வரை என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது.

அடுத்த மாசியில் மாப்பிள்ளை மாஸ்டரிடம் போய், மன்மதனாக விழுகிறேன், ஆனால் வேறு ரதி வேண்டும் என்று சொல்லிவிட்டான். அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் நான் ஓரமாக நின்று பந்தம் பிடித்தேன். மூன்றாவது வருஷம் அவனே வந்து, "சேலையக் கட்டு மச்சான்" என்றான். கட்டினேன்.

என் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் யார் மேலாவது பாயப் போகும்போது சலங்கையைப் பொத்திப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகள் கண் முன்னால் வந்து நிற்கின்றன. நான் எதை மறைக்கக் கத்துகிறேன் என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன், எல்லா நேரமும் முடிவதில்லை.