எட்டாவது ஷரத்து

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் முப்பது வருஷமாக வீடு, கடை வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் நான். அக்ரிமெண்டும் நானே எழுதுவேன். எந்த வக்கீலும் என்னிடம் பிச்சை வாங்கணும் என்று ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிர் இறங்கிய நாளைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

செல்போனில் இன்கமிங்குக்கும் காசு பிடித்த காலம். ராயபுரத்தில் ஜமால் பாயுடைய பழைய வீட்டில் கீழே தேவராஜின் வெல்டிங் பட்டறை, மாடியில் பாய் குடும்பம். பாயின் மகள் நூரி பிரசவத்துக்கு வந்து, ஆண் பிள்ளை பிறந்தது. "பச்சப்புள்ளைக்கு இந்தப் பொகை ஆவாதுப்பா" என்று பாய் லீஸைப் புதுப்பிக்கவில்லை. தேவராஜும் தகராறு பண்ணாமல் திருவொற்றியூரில் இடம் பார்த்துக்கொண்டான். இப்படிச் சிரித்த முகத்தோடு காலி பண்ணுகிறவனை நான் அதிகம் பார்த்ததில்லை.

சாவி கொடுக்கும் நாள். பட்டறையைத் துடைத்து வைத்தாற்போல் காலி பண்ணியிருந்தான். ஒன்றுதான் பாக்கி. இன்ஜின் தூக்கும் செயின் பிளாக் மாட்டுவதற்காக, வந்த புதிதில் அவன் போட்ட பழைய தண்டவாளம். இரண்டு பக்கமும் இரும்புக் கால் நிறுத்தி, மர உத்திரத்தை ஒட்டினாற்போல் போட்டிருந்தான்.

"பாய், இத்த நீங்களே வெச்சிக்கோங்க. எனக்கு அங்க வேற கீது" என்றான்.

பாய் தலையாட்டப் போனார். நான் விடுவேனா? நான் எழுதிய அக்ரிமெண்ட் பேப்பரைப் பிரித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தேன். "எட்டாவது ஷரத்து. குடியிருப்பவர் தாம் பொருத்தியவற்றைத் தம் செலவில் பெயர்த்தெடுத்து, இடத்தை முன்பிருந்தபடியே ஒப்படைக்க வேண்டும். நாளைக்கு வர்ற பார்ட்டி, நடுவுல இன்னா இரும்புன்னு கேப்பான். ஷரத்துன்னா ஷரத்துதான், தேவராஜ்."

"இன்னா நைனா, ரொம்பத்தான் பண்ற" என்று சிரித்துக்கொண்டே, வண்டியில் ஏற்றிய கேஸ் கட்டரை மறுபடியும் இறக்கினான்.

ஒரு கால் அறுந்தது. மேலே 'மொடக்' என்று ஒரு சத்தம். என் சட்டையெல்லாம் சுண்ணாம்பு கொட்டியது. தேவராஜ் கண்ணாடியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. உத்திரத்தைக் கரையான் உள்ளுக்குள்ளேயே தின்று தீர்த்திருந்தது. வெளியே பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. எத்தனையோ வருஷமாக மாடியைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் தண்டவாளம்தான். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியாது.

"நைனா, மேல கீறவங்கள எறக்கு! ஓடு!" என்று கத்திக்கொண்டே, அறுந்த காலின் இடத்தில் லாரி ஜாக்கியை வைத்து ஏற்ற ஆரம்பித்தான்.

அந்த வீட்டு நடையைத் தாண்டி நான் உள்ளே போனதே இல்லை. அன்று பாயோடு மாடியேறி, செருப்போடு உள்ளறைக்கே ஓடினேன். நூரி படுத்திருந்தாள், பக்கத்தில் புடவைத் தூளியில் பிள்ளை. பாய் மகளையும் மனைவியையும் இழுத்துக்கொண்டு இறங்க, நான் பிள்ளையை வாரிக்கொண்டு இறங்கினேன். தெருவுக்கு வந்து, "தேவராஜ், வந்துட்றா!" என்று அலறினேன். அவன் ஜாக்கியை விட்டுவிட்டு வெளியே பாய்ந்தான். அடுத்த நொடி உள்ளறைத் தரை இடிந்து பட்டறைக்குள் விழுந்தது.

புழுதி அடங்கியதும் வாசலிலிருந்து அண்ணாந்து பார்த்தோம். தரை போன ஓட்டைக்கு நேர் மேலே, காலித் தூளி ஆடிக்கொண்டிருந்தது.

பாய் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தேவராஜ் குலுங்கிக் குலுங்கி அழுதான். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நூரிதான் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க படிச்சது மேல வரைக்கும் கேட்டுச்சு மாமா. அந்த பேப்பர் எழுதும்போது எம் புள்ள பொறக்கவே இல்ல. இன்னிக்கு அத்தப் படிக்கறதுக்கு முன்னாடி, ஒரு வாட்டி மேல பாத்திருக்கலாம்ல?"

இன்றைக்கும் இடத்தை ஒப்படைக்கிற நாள் என்றால் ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். அவர் உத்திரத்தைத் தட்டிப் பார்த்துச் சரி என்று சொல்கிறவரை பேப்பரைப் பையிலிருந்து எடுப்பதில்லை.