வாசனை என்றால் இங்கே வேறு

அல்சூரில் நான் குடியிருந்த வீட்டின் மாடிப்படியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கார அம்மாள் என்னை நிறுத்தி, "மேலிந்த வாசனே பர்த்தா இதே" என்றார். என் கன்னடம் அரைகுறை. மேலிருந்து வாசனை வருகிறது என்கிறார் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. அன்று மதியம் நாங்கள் கத்திரிக்காயும் மொச்சையும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தோம். பெங்களூருக்கு வந்த பிறகு என் சமையலை வெளியாள் யாரும் பாராட்டியதில்லை. "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கூச்சப்படுகிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு ஒரு கிண்ணம் நிறையக் குழம்பை எடுத்துப்போய் அவர் வீட்டு மணியை அடித்தேன்.

நாங்கள் என்று சொன்னது மூன்று பெண்களை. நான் அரக்கோணம் பக்கம். கம்பெனியில் என் வேலை, கோபமாக எழுதும் வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுப் பதில் போடுவது. ஸ்டெல்லா என் பக்கத்து இருக்கைக்காரி. தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவள், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவாள். பரிமளா ஸ்டெல்லாவின் பழைய அறைத்தோழி, தர்மபுரிக்காரி, பொம்மசந்திராவில் மாத்திரை பாக்கெட் போடும் ஆலையில் வேலை. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். யாரிடமும் காட்டாமல் செல்போனில் எதையாவது எழுதி வைத்திருந்தோம். ஒரு நாள் பேச்சுவாக்கில் அது வெளியே வந்தது. அதன்பிறகு ஞாயிறுதோறும் என் சமையலறையில் கூடினோம். ஒருத்தி அடுப்பில் நிற்பாள், ஒருத்தி நறுக்குவாள், ஒருத்தி தான் எழுதியதைப் படிப்பாள். படித்து முடிக்காமல் சோறு கிடையாது. ஸ்டெல்லா தன் அப்பாவின் இருமலைப் பற்றி எழுதியதை வாசித்தபோது பரிமளா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "வெங்காயத்து மேல பழிய போட்டுக்கலாம், நல்லா அழு" என்றாள். அழுதுகொண்டே சிரித்தோம். வாரம் முழுக்க யாருக்காகவோ ஆங்கிலத்தில் வருந்துகிற எனக்கு, என் வருத்தத்தை என் பாஷையில் எழுதி, பசியோடு இருக்கும் இரண்டு பேரிடம் படித்துக்காட்டுவதில் கிடைத்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல.

இந்தச் சந்தோஷத்தில் ஒரு பங்கைத்தான் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அம்மாள், மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "பேடா, தகொண்டு ஹோகி" என்றார். வேண்டாம், எடுத்துக்கொண்டு போ. விரத நாளாக இருக்கும் என்று நினைத்து, "நாளைக்குத் தரட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டேன். கதவு சாத்தப்பட்டது. மேலே வந்து சொன்னதும் ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"கோமதி, வாசனேன்னா இவங்க பேச்சுல நாத்தம்டி. போன வாரமே நாறுதுன்னு சொல்லியிருக்கு அந்தம்மா."

கையில் கிண்ணத்தோடு நின்றேன். காது மடல் சூடாகியது.

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். "ஏம்மா, குரூப்ல ஒரு ஸாரி போட்டுடு, ஆய்த்து, அவ்ளோதான். இனிமே கருவாடு செய்ய மாட்டேன்னு ஒரு வரி சேர்த்துக்கோ. ஆபீஸ்ல இங்கிலீஷ்ல பெரிய பெரிய லெட்டர் எல்லாம் போடறியாமே. சொல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார். கொஞ்சம் அனுசரித்துப் போ. அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. அதில் அவர் ஏற்கெனவே ஒரு செய்தி போட்டிருந்தார். மீன் வாடை வருகிறது, மாடி வீட்டார் மன்னிப்புக் கேட்பார்கள் என்று. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

செல்போனை எடுத்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், விரல்கள் தாமாகவே நகர்ந்தன. அசௌகரியத்துக்கு மனமார வருந்துகிறோம் என்று தொடங்கும் அந்த ஆங்கில வாக்கியத்தை என் விரல்கள் பாதிக்குமேல் அடித்துவிட்டன. அப்போது வந்த கோபம் வீட்டுக்காரர் மேல் வந்ததல்ல, அந்த விரல்கள் மேல். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பதை இவ்வளவு சரளமாக எப்போது பழகிக்கொண்டேன்? அழித்தேன். "எழுத முடியாது சார்" என்றேன்.

"வீடு பார்க்க வந்தப்பவே கேட்டேனே, வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு."

"நான்வெஜ்னு சொன்னேன். சரின்னீங்க."

"அது சிக்கன்மா. நாங்களும் சிக்கன் தின்றவங்கதான். இது வேற."

வேறு என்றால் என்னவென்று அவர் விளக்கவில்லை, எனக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. உகாதிக்கு மறுநாள் கறி சமைப்பது இந்த ஊர் வழக்கம், அன்று அந்தக் கட்டடமே ஆட்டுக்கறியில் மணந்தது. அது யார் மூக்கையும் தொந்தரவு செய்யவில்லை. மாசக் கடைசிக்குள் காலி பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு, பார்த்தாயா கன்னடக்காரர்களை என்று சொல்லத் தோன்றும். தயவுசெய்து சொல்லாதீர்கள். நம் ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்ன பிறகு, என்ன சாப்பிடுவாய் என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை. என் அக்கா டவுனில் டீச்சர் வேலை கிடைத்து வீடு தேடியபோது, தெருப் பெயரைச் சொன்ன வாசல்களிலெல்லாம் வீடு நேற்றுத்தான் முடிந்துபோயிருந்தது. அதைத்தான் நான் முதன்முதலில் எழுதினேன். முகநூலில் போட்ட அன்றே தம்பி கூப்பிட்டான். "எதுக்கு இதெல்லாம் வெளிய சொல்ற? ஊர்ல தல காட்ட முடியல. எடுத்துடு" என்றான். அம்மா போனை வாங்கி, "எழுதித்தான் ஆவணுமாடி? வந்தா ஒனக்குப் புடிச்ச கொழம்பு வச்சுத் தரேன்" என்றாள். அம்மாவின் அடுப்பில் எந்தக் கருவாடும் எந்த நேரமும் கொதிக்கலாம். அந்த வீட்டில் நான் எழுதியதில் ஒரு வரியைக்கூட வாய்விட்டுப் படிக்க முடியாது. இங்கே படிக்கலாம், கேட்க ஆளும் இருக்கிறது, அடுப்புக்குத்தான் தடை. இரண்டு ஊரும் என்னைப் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?

அந்த வீட்டில் கடைசி ஞாயிறு. ரசம் மட்டும் வைத்துவிடலாம் என்றேன். சிவாஜிநகர் சந்தையிலிருந்து நெத்திலிக் கருவாட்டோடு வந்த பரிமளா, "காலி பண்ணச் சொல்லிட்டாங்க, அப்புறம் என்னா பயம்? ஜன்னல எல்லாம் தொற" என்றாள். திறந்தோம். நான் வீட்டுக்கார அம்மாளுக்குக் குழம்பு கொண்டுபோன கதையை எழுதி வைத்திருந்தேன். புளி கொதிக்கும்போது படித்தேன். என் குரல் நடுங்கிய இடத்தில் ஸ்டெல்லா, "மறுபடி படி, சத்தமா" என்றாள். சத்தமாகப் படித்தேன். அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் சந்தோஷமாக இருந்தது, உடம்பில் ரத்தம் ஓடுவது தெரிகிற மாதிரி.

கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு மஞ்சுளா. பேங்கில் வேலை செய்பவர், பார்த்தால் சிரிப்பதோடு சரி. உள்ளே வந்து தானே கதவைச் சாத்தினார்.

"ஒண மீனா?" என்று கேட்டார். கருவாடா?

"ஹௌது" என்றாள் ஸ்டெல்லா, முறைப்பாக. ஆமாம்.

மஞ்சுளா தணிந்த குரலில் கன்னடத்தில் பேச, ஸ்டெல்லா எங்களுக்குச் சொன்னாள். அவர் கார்வார் கடற்கரையில் பிறந்தவர். இந்தக் கட்டடத்துக்கு வந்ததிலிருந்து கருவாட்டைத் தொடவில்லை. கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்கிறார்.

"குரூப்ல நீங்களும் கட்டைவிரல் போட்டீங்களே?" என்று கேட்டேன். ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள். மஞ்சுளா தரையைப் பார்த்தார். "நாவு இல்லே இர்பேக்கல்லா" என்றார். நாங்கள் இங்கேயே இருக்க வேண்டுமே.

கொடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். பரிமளா அதற்குள் தட்டில் சோறு போட்டுவிட்டாள். அவர் நின்றபடியே சாப்பிட்டார், முள்ளைக்கூட மென்றார். கிளம்பும்போது ஒரு சின்ன டப்பாவில் கேட்டு வாங்கி, துப்பட்டாவுக்குள் மறைத்து எடுத்துப்போனார். எனக்கு இரக்கம் வரவில்லை. ஒரு கவளம் சோற்றைத் திருட்டுப்பொருளைப் போல ஒளித்துக்கொண்டு போகும்படி ஒரு பெண்ணை ஆக்கி வைத்திருக்கிறார்களே என்று கோபம் இன்னும் ஏறியது. அதையும் எழுதினேன்.

இப்போது நான் சிவாஜிநகர் அருகே ஒரு விடுதியில் இருக்கிறேன். அங்கே சமைக்க அனுமதி இல்லை. என் அடுப்பும் பாத்திரங்களும் பொம்மசந்திராவில் பரிமளாவின் ஒற்றை அறையில் இருக்கின்றன. ஞாயிறு காலை ஓசூர் ரோடு பஸ்ஸில் போகிறேன். இந்த மாநிலத்துப் பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இலவசம். போன வாரம் கண்டக்டர் என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து, அரக்கோணம் முகவரியை எழுத்துக் கூட்டிப் படித்து, திருப்பிக் கொடுத்தார். நீங்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும் என்று கையால் சைகை காட்டினார்.

"எல்லிகே?" என்றார். எங்கே?

பொம்மசந்திரா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மனெகே" என்று வந்துவிட்டது. வீட்டுக்கு.

அவர் டிக்கெட் மிஷினில் விரலை வைத்தபடி, பொறுமையாகவே, "மனெ எல்லி மேடம்?" என்று கேட்டார். வீடு எங்கே? பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.